தறி நூலும் என் வலது கையும்

குழந்தைகளே, நான் வெண்ணந்தூரில் தறி ஓட்டுபவன். பக்கவாதத்தில் வலது கை மரத்துப்போக, அரசு மருத்துவமனைக்குக் கைப்பயிற்சிக்குப் போனேன். பயிற்சி கொடுத்த பெண் என்னைப் பாசிமணி கோக்கச் சொன்னார். அதற்குப் பதில் தறி நூல் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுப் பழகட்டுமா என்று கேட்டேன். சம்மதித்தார்.

ஒரு நாள் அவருடைய மேற்பார்வையாளர் வந்துவிட்டார். "இது ஆஸ்பத்திரியா, தறிப்பட்டறையாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் தலைகுனிந்து நூலைச் சுருட்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நூலு என்னுதுங்க சார். மணி கோத்தா முதலாளி என்னையத் தறிப்பக்கம் உடுவாருங்களா?"

அறுந்த நூலை எடுத்து வலது கையால் முடிச்சுப் போடப் பார்த்தேன். மூன்று முறை நழுவியது. நான்காவதில் முடிச்சு விழுந்தது. மேற்பார்வையாளர் இழுத்துப் பார்த்தார். அவிழவில்லை.

"இதையே தினமும் குடும்மா" என்றார்.

எதிர்த்துப் பேசியதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பெண் திட்டு வாங்கியபோது முதலில் சும்மா உட்கார்ந்திருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.