வேலை காலி!

போன வாரம் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் படம் பார்த்தேன். காலை நேரம். தகர ஷெட்டுக்குள் வெள்ளைத் திரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு சமோசா. சில நிமிடங்களே ஓடும் விளம்பரப் படம்தான். வசனம் திருத்திக் கொடுத்தவன் அடியேன் என்பதால் எனக்கும் முன்வரிசை. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்... படத்தின் ஹீரோவைத் தவிர!

ஹீரோ பெயர் டில்லி. அந்த யார்டில் எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று நம்பர் பார்த்துச் சொல்கிற வேலை. பெட்டி என்றால் லாரி சைஸ் இரும்புப் பெட்டி. வெயிலில் கொதிக்கிற அந்தச் சந்துகளுக்குள் ஓடி ஓடித் தேட ஒரு கூட்டமே இருந்தது. டில்லியின் மச்சான் ஏழுமலையும் அதில் ஒருவர்.

அப்புறம் சாஃப்ட்வேர் வந்தது. நம்பரைத் தட்டினால் பெட்டி இருக்கும் இடம் திரையில் தெரியும். 'கொஞ்ச நாள் வீட்டில் இருங்க, கூப்பிடுறோம்' என்று மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். டில்லியை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள்? அதை யாரும் சொல்லவில்லை.

அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குத்தான் இந்தப் படம். சிங்கப்பூரில் போட்டுக் காட்டி விற்க வேண்டுமாம். முதலில் தடபுடலாக ஒன்று எடுத்தார்கள். பம்பாயிலிருந்து ஒரு மாடல், கீறல் விழாத மஞ்சள் ஹெல்மெட், புகை மெஷின். ஆலைப் புகை அடங்காத எண்ணூர் பக்கத்தில் போய்ப் புகையை வாடகைக்கு எடுத்தவர்களை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்தவர்கள் எல்லாம் 'சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கே' என்றார்கள்.

உடனே கம்பெனியின் மார்க்கெட்டிங் மேடம் முடிவெடுத்துவிட்டார் — இனி நிஜம்தான். நிஜ மனிதர், நிஜப் பேச்சு, சின்ன ஹேண்டிகேம். பாவம், டில்லி அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். 'இது வேண்டாம், ரியலா இருக்கணும்' என்று சொல்லி யாரோ கழற்றிப்போட்ட கிரீஸ் சட்டையை மாட்டிவிட்டார்கள்!

கேமரா முன்னால் நிற்பதற்குமுன் டில்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இத்த எங்க மொதலாளி பாப்பாரா?"

"பார்ப்பார். முதல் ஷோவுக்கு அவர்தான் சீஃப் கெஸ்ட்."

"அப்ப சரி. நேர்ல போனா ஏசி ரூமாண்டயே வுட மாட்றாங்க. இதுல சொன்னா காதுல வுழும்ல?"

அதற்காகத்தான் அவர் ஒத்துக்கொண்டார் என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நன்றாகவே பேசினார். "முன்னெல்லாம் ஒரு பொட்டி எங்க கீதுன்னு தேடறதுக்குள்ள தாவு தீந்துடும். இப்போ ஒரு தட்டு தட்னா காட்டிக் குடுத்துடுது. கம்ப்யூட்டரு வந்துச்சு... வேல காலி! எம் மச்சான், நம்ம பசங்க அல்லாரும் வூட்ல குந்திகினு கீறாங்க. அவங்களையும் திரும்பக் கூப்ட்டுகினா புண்ணியமா போவும் மொதலாளி."

மேடம் துள்ளிக் குதித்தார். "வேலை காலி! என்ன ஒரு லைன் சார்!"

"மேடம், அவர் வேலை முடிஞ்சதுன்னு சொல்லலை. வேலை போச்சுன்னு சொல்றார்."

மேடம் ஒரு நிமிடம் யோசித்தார். "கீழே 'ஜாப் டன்'னு இங்கிலீஷ்ல போட்டுடலாம். பார்க்கிறவங்க சிங்கப்பூர்காரங்கதானே?"

அப்படியே போட்டார்கள். திரையில் டில்லி 'வேல காலி!' என்றதும் மியூசிக் பொங்கியது. அடுத்து அவர் வாய்விட்டுச் சிரிக்கிற ஷாட். அது டீ வந்தபோது சிரித்த சிரிப்பு. அதோடு படம் முடிந்தது. மச்சானும் இல்லை, பசங்களும் இல்லை.

ஒவ்வொரு துண்டும் நிஜம்தான். முகம் நிஜம், குரல் நிஜம், சிரிப்பு நிஜம். ஒட்டிப் பார்த்தால் மட்டும் பொய். யோசித்தால் அந்தப் பம்பாய் மாடல் படமே தேவலை என்று தோன்றுகிறது. அது பொய் என்பதை அந்த ஹெல்மெட்டே சொல்லிவிடுமே!

முதலாளி எழுந்து வந்து டில்லியின் கையைக் குலுக்கினார். "பிரமாதமா பேசினப்பா!" டில்லி கையை எடுக்காமல் நின்றார், முதலாளி இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று. அவர் காரில் ஏறினார். கார் கிளம்பிவிட்டது.

"மீதி எங்க சார்?" என்று என்னிடம் கேட்டார்.

"வெட்டிட்டாங்க டில்லி."

"அப்ப மொதலாளிக்கு..."

"தெரியாது."

இருவரும் கேட் வரை நடந்தோம். அங்கே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் போர்டு. டில்லியின் சிரித்த முகம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'வேலை காலி!' முந்தின நாளே கட்டிவிட்டார்களாம். அதன் அடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். படிய வாரிய தலை, துவைத்த சட்டை, ஹேண்டில்பாரில் சாப்பாட்டு டப்பா. சடையங்குப்பத்திலிருந்து மிதித்து வந்திருக்கிறார். ஏழுமலை.

'எங்கேயாவது வேலை காலி இருந்தா சொல்லுங்க சார்' என்று நம்மிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அந்த அர்த்தம் மேடத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"மாமா, நேத்தே போர்டு பாத்தேன்" என்றார் ஏழுமலை, முகமெல்லாம் சிரிப்பாக. "சொன்னா மாரியே மொதலாளியாண்ட பேசிட்ட போல கீது! இன்னிக்கே உள்ள வரவா?"

டில்லி மச்சானின் தோளில் கையைப் போட்டு, டீக்கடைப் பக்கம் மெதுவாக அழைத்துப் போனார்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த விளம்பரத்தை மனசார நம்பியவர் ஏழுமலை ஒருவர்தான்.