வால்புர்கா திறந்த கதவு

பாம்பெர்க் பக்கத்தில் எங்கள் ஊர் பீர் விடுதியை வால்புர்கா டோர்ஃப்லர் முப்பத்தொரு வருடமாக நடத்துகிறாள். பிறந்ததே அதன் மாடியில்தான். புருஷன் செத்த வாரத்தில்கூடக் கடையை மூடவில்லை. கெண்டை மீனை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதிகம் பேசமாட்டாள்.

வியாழக்கிழமை உள்ளறை எங்களுடையது. ஐந்து பேர், சீட்டு, பீர். அந்த மேசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நான் கூரை வேலைக்காரன். எங்களில் மூத்தவன் எவால்ட். மரம் அறுக்கும் மில்லில் நாற்பது வருடம் இருந்து காது போனவன். மெதுவாகப் பேச வராது.

போன நவம்பரில் ஒரு வியாழன், முகாம்களில் யூதர்களைக் கொன்றதெல்லாம் போரில் ஜெயித்தவர்கள் கட்டிய கதை என்றான் எவால்ட். எங்களுக்கு அது புதிதில்லை. "ஆட்டத்தைப் பாருய்யா" என்றதோடு விட்டோம். வெளியறையில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளியூர்த் தம்பதி விடவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் நாட்டில் அதைப் பொதுவில் பேசினால் குற்றம். ஐந்து பேர் தங்களுக்குள் தனியாக இருந்து பேசியது என்றால் வழக்கு நிற்காது என்றார் எவால்டின் வக்கீல். உள்ளறைக் கதவு சாத்தியிருந்ததா, திறந்திருந்ததா என்பதுதான் கேள்வி. திறந்திருந்தது என்றார்கள் தம்பதி. எங்கள் ஐவருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று. வால்புர்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளறையில் கணப்பு கிடையாது. குளிர் வந்தால், வெளியறைச் சூடு வரட்டும் என்று நாங்களே கதவைத் திறக்கச் சொல்லுவோம். அன்றைக்கும் எவால்ட்தான் கத்தினான்.

அவளிடம் பேச மற்ற நாலு பேரும் என்னை அனுப்பினார்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கதவு சாத்தியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். யாருக்கு நஷ்டம்?"

"நான்தானே திறந்தேன், எல்மர்."

"கிழவன் உளறுறான். உளறினதுக்கெல்லாம் கோர்ட்டா? வாயைக் கட்டிட்டா மனசுல இருக்கறது போயிடுமா?"

"போகாது. அதை ஜட்ஜ்கிட்ட போய்க் கேளு. என்கிட்ட கதவைத்தான் கேப்பாங்க."

"அஞ்சு பேரும் அடுத்த ஊருக் கடைக்குப் போயிடுவோம், பாத்துக்க."

"நடந்ததை நடக்கலன்னு அவன் சொன்னான். இப்ப நீ வந்து என்னையும் அப்படியே சொல்லச் சொல்றே. வெக்கமா இல்ல?"



கோர்ட்டில் வக்கீல் குழைந்தார். "நாலு மாசம் ஆச்சேம்மா, நல்லா ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கதவு தரையில உரசும். தோள் குடுத்துத்தான் தள்ளணும். உங்க கட்சிக்காரர் குளிருதுன்னார், தள்ளினேன். தோள் இன்னும் வலிக்குது."

சிலர் சிரித்தார்கள். எவால்ட் சிரிக்கவில்லை. அவனுக்கு அபராதம் விதித்தார்கள்.

வெளியே வந்து அவளை மறித்தான். "முப்பது வருஷம் உன் கையால தின்னேன்டி."

"இன்னமும் தின்ன வரலாம். அந்தப் பேச்சு மட்டும் வேணாம்."

சட்டம் சரியா என்று என்னைக் கேட்டால், முட்டாளைப் பேச விட்டால்தான் அவன் முட்டாள் என்று ஊருக்குத் தெரியும் என்பேன். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

சொன்னபடியே அடுத்த ஊருக்குப் போனோம். வியாழக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டது. பரிமாற இருந்த பெண்ணை அவள் நிறுத்திவிட்டாள். மே மாதம் நான் மட்டும் திரும்பிப் போனேன். உள்ளறையில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன.

"எங்க உக்காரப் போறே?" என்றாள்.

வெளியறையிலேயே உட்கார்ந்தேன்.