நாற்பது படிவங்கள், ஒரே கையெழுத்து

1. கட்டு

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த படிவக் கட்டை நான் பிரித்தபோது, வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கண்டி நகரில், மாடிப்படி ஏறினால் இரண்டே அறைகள் உள்ள அலுவலகம். ஒரு படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன், அதைப் பார்க்க யார் வருவார்கள் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. தோட்டத்திலோ டவுனிலோ ஒரு மண்டபத்தில் பிரிவியூ போடுவோம். பார்த்தவர்களிடம் படிவம் கொடுப்போம். பெயர், வயது, ஆணா பெண்ணா, பிடித்த காட்சி, பிடிக்காத காட்சி, யாரோடு வருவீர்கள். அந்தப் பதில்களை வைத்து நான் ரிப்போட் எழுத வேண்டும். போஸ்டரில் யார் முகம் வரும், காட்சி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்த ரிப்போட்டைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அந்தப் படம் ஒரு லொறி டிரைவரின் கதை. அடிதடி நிறைய. அவன் மனைவிக்கு நான்கே காட்சிகள்.

நாற்பது படிவங்களில் முப்பத்தாறு ஆண்கள். பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல். எங்கள் முதலாளியான சேருக்குச் சந்தோஷம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து வெகுகாலம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"நான் அப்பவே சொன்னனான் பிள்ளை. இது ஆம்பிளையளின்ர படம். போஸ்டரில லொறியும் அவன்ர கையும் போதும். திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குக் குடுப்பம்."

நான் தலையாட்டிவிட்டு மேசைக்கு வந்தேன். படிவங்களை மறுபடி புரட்டினேன். நாற்பதிலும் அதே நீல மை. அதே வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

2. பெருமாள், வயது 61

சந்தேகப்படுவது என் சுபாவம். மகளைப் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வந்தால், பத்து மணிக்குள் இரண்டு தடவை போன் எடுத்துவிடுவேன். ஆகவே முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். நாற்பது பேர் ஒரே பேனையை மாற்றி மாற்றி எழுதியிருக்கலாமே? ஆனால் எழுத்து?

பிறகு பெருமாள் என்பவரின் படிவத்தைப் படித்தேன். வயது 61, ஆண். பிடித்த காட்சி: மனைவி கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவது. பிடிக்காதது என்ற இடத்தில் இப்படி இருந்தது: "மத்தியானம் வரைக்கும் பால் குடுக்காம இருந்தா நெஞ்சு கட்டிக்கும். அந்தப் பொண்ணு ஒண்ணும் நடக்காத மாதிரி பாட்டுப் பாடுது. அது பொய்."

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். பால் கட்டும் வலி எனக்குத் தெரியும். அறுபத்தொரு வயதுப் பெருமாளுக்கு எப்படித் தெரியும்?

தோட்டத்துக்கு ப்ரொஜெக்டரைக் கொண்டுபோய்ப் படம் போட்டு, படிவம் வாங்கி வந்தவர் ரிஸ்வான். அலவத்துகொடைக்காரர். எட்டு வருட அனுபவம். அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தது. என் கணக்கு உடனே முடிந்துவிட்டது: வீட்டில் இருந்தபடி, மனைவியிடம் கேட்டுக் கேட்டு, எல்லாவற்றையும் இவரே எழுதியிருக்கிறார்.

"ரிஸ்வான், ஃபோம் எல்லாம் எங்க வச்சு நிரப்பினாங்க?"

"அங்கேயே மிஸ். மண்டபத்துல. ஏன் கேக்கிறீங்க?"

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டபத்திலேயே நிரப்பி வாங்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நேரே சேரிடம் போய்ச் சொன்னேன்.

சேர் நாலு படிவத்தை வரிசையாக வைத்துப் பார்த்தார். ரிஸ்வானைக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லும். நீர்தானே எழுதினது?"

"வல்லாஹி, சத்தியமா சேர், ஒரு எழுத்தும் நான் எழுதல்ல."

"அப்ப ஆர் எழுதினது? பேயோ?"

ரிஸ்வான் படிவங்களை நேராக அடுக்கி வைத்தார். "பைக் திறப்பை வச்சிட்டுப் போம். திங்கக்கிழமை முடிவு சொல்லுறன்," என்றார் சேர். ரிஸ்வான் சாவிக்கொத்திலிருந்து திறப்பைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சேரின் மேசையில் அல்ல, என் மேசையில்.

அன்று இரவு மகளைத் தூங்கவைத்தபடி அதையே யோசித்தேன். அவர் எழுதியிருந்தால் நான் செய்தது சரி. எழுதாவிட்டால்? யோசிக்க யோசிக்க இரண்டும் சரி போலவே இருந்தது. சனிக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு மடுல்கெல்லை பஸ்ஸில் ஏறினேன்.

3. பிள்ளை மடுவம்

தோட்டத்தில் எல்லாரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். பெருமாள் வீடு எது என்று கேட்டால், "எந்தப் பெருமாளு? எதுக்குங்க?" என்றார்கள். கையில் குழந்தை இருந்ததால் கடைசியில் ஒரு பெண், "மடுவத்து டீச்சரக் கேளுங்க," என்றாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளை மடுவம்.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். படிவத்தை நீட்டினேன். முகம் மாறியது.

"ஏன் மிஸ், தப்பா எழுதிட்டேனா? யாரு பேரையும் வெட்டிருவாங்களா?"

"நீங்களா எழுதினீங்க?"

"நான்தானே எல்லாருக்கும் எழுதுறது. வீட்டு ஃபோம், கரண்டு ஃபோம், பிள்ளைங்க ஸ்கூல் ஃபோம் எல்லாம். அன்னைக்கிப் படம் முடியிறப்ப நல்ல மழை. அந்தத் தம்பி, எழுதி வைங்க, ரெண்டு நாள் கழிச்சு வாறேன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் காலைல பிள்ளய விட வந்தப்ப ஆளுக்கொரு ஃபோமா கொண்டாந்து குடுத்தாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதுனேன்."

"பிள்ளையை விட வந்தது பொம்பளைங்கதானே? பேரெல்லாம் ஆம்பளைங்க பேரா இருக்கே?"

டீச்சர் என்னை வினோதமாகப் பார்த்தார். "ஃபோம்னா குடும்பத் தலைவர் பேருதானே மிஸ் போடணும்? அவரு பேரு, அவரு வயசு. எந்த ஆபீசுக்குப் போனாலும் அதத்தானே கேக்குறாங்க. நாலு வீட்டுல ஆம்பள இல்ல, அதுக்கு மட்டும் பொம்பளப் பேரு போட்டேன்."

பெருமாளின் படிவத்தைக் காட்டினேன். டீச்சர் வாசலில் நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். "சரோஜா, ஒன் மாமனார் படிவம் வந்திருக்கு பாரு!"

சரோஜா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சிரித்தாள். "எங்க மாமாவா? படம் தொடங்கி பத்து நிமிசத்துல தூங்கிட்டாரு. சண்டச் சத்தத்துல ஒருக்கா முழிச்சாரு. 'யாருடா அங்க அடிச்சிக்கிறது'ன்னு கேட்டாரு. மறுபடி தூங்கிட்டாரு."

"அப்ப பால் கட்டுறது?"

"நான் சொன்னதுதான். ஏன் மிஸ், பொய்யா? ஒங்களுக்குத் தெரியாதா?"

மகள் அந்த நேரம் பார்த்து அழ ஆரம்பித்தாள். டீச்சர் என்னை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். அங்கே இருந்து பால் கொடுத்தபடியே மற்றப் படிவங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆண்கள் என்று நான் எண்ணியிருந்த முப்பத்தாறு பேரும் பெண்கள். மனைவி வரும் அந்த நாலு காட்சிகளுக்காக இன்னொரு தடவை பார்க்கத் தயாராக இருந்தவர்கள். ஞாயிறு காலை என்றால் வரலாம், பிள்ளைகளோடு விடுவார்களா என்று கேட்டார்கள்.

4. திறப்பு

திங்கட்கிழமை சேர் வருமுன்பே போய் உட்கார்ந்திருந்தேன். முதலில் ரிஸ்வான் விஷயத்தைச் சொன்னேன். படத்தைப் பற்றிப் பிறகுதான்.

"அப்ப இது பொம்பிளையளின்ர படமோ?" என்றார் சேர். "நாலு காட்சிக்கோ? நம்பேலாமல் கிடக்கு."

"எனக்கும் நம்ப முடியல்லதான் சேர். ஆனா கேட்டுட்டு வந்தேன்."

அவர் பெருமாளின் படிவத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு பிரஸ்ஸுக்குப் போன் எடுத்து லொறிப் போஸ்டர் வேண்டாம் என்று சொன்னார். போஸ்டரில் அந்த மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடுவ வாசலில் நிற்கும் படம் வந்தது. லொறி பின்னால் சிறிதாக நின்றது. ஞாயிறு பத்தரைக்கு ஒரு காட்சி சேர்த்தார்கள். முதல் ஞாயிறு நான் தியேட்டர் வாசலில் நின்றேன். மடுல்கெல்லையிலிருந்து ஒரு பஸ் வந்தது. இறங்கியவர்களில் சரோஜாவும் இருந்தாள். பின்னால் பெருமாளும் வந்தார். பேரப்பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டுமாம்.

திறப்பை ரிஸ்வானிடம் நானே கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"மழைக்குப் பயந்து ஃபோமை விட்டுட்டு வந்தது என்ட பிழை," என்றார். "அதைச் சொல்லாததும் பிழை. ஆனா மிஸ், நீங்க என்னட்ட ஒரு கேள்விதான் கேட்டீங்க. யாரு எழுதின எண்ட ரெண்டாவது கேள்விய என்னட்ட கேக்காம சேருட்டப் போனீங்க."

அதன் பிறகு சில மாதங்கள் அவர் வேலை விஷயம் தவிர என்னோடு பேசவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம்தான் இருக்கிறது. ஒன்று, படிவத்தில் உள்ள பெயர் பார்வையாளர் அல்ல. எங்கள் படிவத்தில் இப்போது முதல் கேள்வி, "இந்தப் பதிலைச் சொன்னது யார்?" என்பது. பெயர் கடைசியில்தான் வரும்.

மற்றது என்னைப் பற்றியது. சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஒரு கட்டு வந்தால் இன்றும் கையெழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பிறகு எழுந்து ரிஸ்வானின் மேசைக்குப் போய், இரண்டாவது கேள்வியையும் அவரிடமே கேட்கிறேன்.