கழுத்து போன கொக்கு

மூன்று வருடங்களுக்கு முன், மாமல்லபுரத்தில் நான் சனிக்கிழமைதோறும் சிற்பம் கற்கப் போன பட்டறையில் நடந்தது இது. களிமண்ணில் மாதிரி செய்து அளவெடுத்துச் செதுக்குவது எனக்குப் பிடிக்காது. கல்லைப் பார்த்தபடியே நேராக உளியை வைத்துவிடுவேன். பொறியாளரான என் கணவருக்கு அது தாங்காது. டிராயிங் இல்லாமல் நாங்கள் ஒரு நட்டுகூட முறுக்க மாட்டோம் என்பார். அவர் சொன்னதற்காகவே இன்னும் பிடிவாதமாகச் செதுக்கினேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளியின் வாசலில் வைக்க ஒரு கல் கொக்கு. நான்தான் வீராப்பாக ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை திறப்பு விழா. சனிக்கிழமை மாலை, நீட்டிய கழுத்தை இன்னும் கொஞ்சம் மெலிதாக்கலாமே என்று ஓர் அடி கூடுதலாக அடித்தேன். கழுத்து தலையோடு உடைந்து காலடியில் விழுந்தது.

பக்கத்தில் கல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து பார்த்தார். "ஒட்டிக்கலாம் டீச்சர். பசையில கல்லு மாவ கலந்து பூசினா யாருக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒட்டுப் போட்ட கொக்கைத் தினமும் கடந்து வகுப்புக்குப் போக என்னால் முடியாது. அழைத்துப்போக வந்த கணவர், நல்லவேளை, டிராயிங் பற்றிப் பேசவில்லை.

வண்டி முட்டுக்காடு பாலத்தை நெருங்கியபோது, ஓரத்துச் சேற்றில் ஒரு கொக்கு நின்றிருந்தது. கழுத்தை முழுக்க உள்ளே இழுத்து, அலகை நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்தது. கழுத்தே இல்லாத கொக்கு! என் கல்லில் நெஞ்சுப் பகுதியை நான் இன்னும் தொடவே இல்லை. தலைக்கும் அலகுக்கும் அங்கே தாராளமாக இடம் இருந்தது. "வண்டியத் திருப்புங்க" என்றேன். நாளைக்குப் போகலாமே என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் வண்டியைப் பட்டறைக்கே திருப்பினார்.

அன்று இரவும் ஞாயிறு முழுக்கவும் செதுக்கினேன். தோள் வலியே தெரியவில்லை. கல்லுக்குள்ளிருந்து அலகு வெளிப்பட்டபோது தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். மெருகு போடும் அக்கா தன் வேலையை ஒதுக்கிவிட்டு என் கொக்கைத் தேய்த்துக் கொடுத்தார்.

மறுநாள் பள்ளி வாசலில் துணியை விலக்கியதும் பிள்ளைகள் முண்டியடித்து ஓடிவந்தார்கள். தெருவில் மீன் விற்றுக்கொண்டு போன அம்மா கூடையை இறக்கிவைத்து எட்டிப் பார்த்தார்.

"கிட்டப் போவாதீங்க. அது மீனப் பாத்துகினு கீது" என்று பிள்ளைகளை அதட்டினார்.

மேடையில் யாரோ என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். என் காதில் ஏறவேயில்லை. எனக்கு வேண்டிய பட்டம் வாசலிலேயே கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எது கையை விட்டுப் போனாலும், மிச்சமிருக்கும் கல் எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறேன்.