முதல் தடவை போகும் கோயில்

கப்பலில் எனக்குப் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை. பயணிகளுக்கு அது உலகம் சுற்றிக்காட்டும் கப்பல். எனக்குத் தண்ணீரில் மிதக்கும் லாண்டரி, அவ்வளவுதான். கரீபியன் தீவு ஒன்றின் பழைய துறைமுக நகரத்தில் நின்ற அன்று, அதிசயமாக மதியம்வரை வெளியே போக விட்டார்கள்.

எங்கள் ஊர் ஆவூரிலிருந்து என் மனைவி போனில் சொல்லியிருந்தது ஒன்றுதான். முதல் தடவையாகப் போகும் கோயிலில் கேட்டது கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. சர்ச் என்று நாங்கள் சொல்வதில்லை, கோயில்தான். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று புதுக்கோட்டை டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"புள்ள நல்லபடியாப் பொறக்கணும்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க" என்றிருந்தாள்.

பயணிகளுக்குக் கொடுக்கும் மடக்குத்தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பார்க்க வேண்டிய பழைய கட்டிடங்கள் என்று கோட்டை, கவர்னர் மாளிகை, சுங்க மண்டபம் எல்லாம் போட்டிருந்தது. அடிமைகளை வைத்துக் கட்டியதாம். அதையும் அழகாக அச்சடித்திருந்தார்கள். எனக்கு அந்த எழவெல்லாம் வேண்டாம். இரட்டைக் கோபுரமும் சிலுவையும் இருந்த படத்தைக் காட்டி வழி கேட்டுப் போனேன்.

ஊர்ப் பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் முழந்தாளிட்டேன். நிமிர்ந்தால் பீடத்தைக் காணோம். அந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பீரங்கிக் குண்டுகள். காவலுக்கு நின்ற பெண் வந்து, மரியாதையாகத்தான், எழுந்திருக்கச் சொன்னார். பூசை நின்று பல வருஷம் ஆகிறதாம், இப்போது இது மியூசியம், செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்றார். பூசை நடக்கும் கோயில் ஊருக்கு வெளியே மேட்டில் இருந்தது. போய்த் திரும்பினால் கப்பல் போயிருக்கும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இருந்தாலும் நின்றபடியே, அந்தக் குண்டுகளைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

துறைமுக வாசலில் வைஃபை கிடைத்ததும் போன் செய்தேன். ஊரில் அப்போது ராத்திரி. மாமியார் எடுத்து மனைவியிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னாள். அழவில்லை. கோயிலுக்குப் போனீர்களா என்றாள். போனேன், கேட்டேன் என்றேன்.



"இனிமே நாம எதுவும் கேக்க வேணாங்க."

சரி என்றேன். கப்பல் வேலை ஒப்பந்தம் முடியும்வரை எந்த ஊரிலும் நான் கப்பலை விட்டு இறங்கவில்லை.