மணி கேட்ட படம்

மகனின் போனில் ஏதோ பழைய படம் ஓடியது. அதிலிருந்து வந்த சிரிப்பு என் தங்கச்சியுடையது. அவளைச் சுனாமி கொண்டுபோய் இருபது வருடமாகிறது.

அதற்கு முந்திய வருடம்தான் எங்கள் ஊர் கதிரவெளிக்குப் படம் எடுக்க வந்தார்கள். ஊரின் ஒரே மணிக்கூடு நின்றுபோக, ஆளுக்கொரு நேரத்தில் சனம் திரியும் பகிடிப் படம். அதில் நடிக்க என்னைத்தான் முதலில் பிடித்தார்கள். எனக்குப் பத்து வயது.

அடுத்த நாள் அம்மா எனக்கு எண்ணெய் வைத்து, பவுடர் பூசி, கோயில் சட்டை போட்டு அனுப்பினார்.

"நேற்றுப் பார்த்த புள்ள எங்க?" என்றார் படக்காரர்.

"நான்தான்."

"கலியாண வீட்டுக்குப் போறாப்போல வந்திருக்காய். இது சரிவராது."

அந்நேரம் தங்கச்சி களப்பில் இறால் பிடித்துவிட்டு முழங்கால் சேற்றோடு வந்தாள். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

படத்தில் ஒருவர் அவளிடம் மணி கேட்பார். "எனக்கு இன்னும் பசிக்கல்ல. பன்னிரண்டாகியிருக்காது" என்று சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவுதான். ஒரு கிழமை நான் அவளோடு பேசவில்லை.

எங்கள் போட்டோக்களைக் கடல் கொண்டுபோனது. தப்பியவை பிறகு யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடும்போது தொலைந்தன. நான் சின்னப் பிள்ளையாக இருந்ததைக் காட்ட ஒன்றுமில்லை. அவளுக்கு இது இருக்கிறது. செத்தவள்மேல் பொறாமைப்படுவது பிழைதான். ஆனாலும் படுகிறேன்.

அம்மா போனை விடவேயில்லை. "மறுகா ஒருக்காப் போடு மனே" என்று ஐந்தாவது தடவையாகப் பேரனிடம் கேட்டார்.

"அண்டைக்கு நானும் பக்கத்திலதான் நிண்டன் அம்மா" என்றேன்.

"நிண்டிருப்பாய்" என்றார், கண்ணை எடுக்காமல்.