அம்மனுக்கு நேர்ந்த சேவலுக்கு நாங்கள் போட்ட தீனி

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் தெருவில் எல்லாம் நின்றுவிடும். தியாகதுருகம் சாலையில் போகும் பேருந்தின் சத்தம்கூடத் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் மெல்ல வந்து போகும். கொல்லையில் கோழிகள் குழி பறித்து, புழுதிக்குள் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கும். கோழிக்கு மேலிமை கீழே இறங்குவதில்லை. கீழிமைதான் மேலே ஏறும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைத் தண்ணீர் நிறைவதுபோல் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் தூக்கம் வரும். மேற்கே கல்வராயன் மலை அந்த நேரத்தில் மலையாகத் தெரியாது. வானத்தில் கொஞ்சம் கூடுதலாக நீலம் கரைந்த இடம், அவ்வளவுதான்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். முப்பது பிரதிகளுக்கு ஏஜென்சியும் என்னிடம் இருந்தது. விடியலில் முதல் பேருந்தில் கட்டு வந்து இறங்கும். வீட்டுக்கு எடுத்து வந்து, சணலை அறுத்து, பிரதிகளை எண்ணிப் பிரிப்பேன். பகலில் செய்தி எழுதி, கவரில் போட்டு, பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்புவேன். மீதி நேரம் வீட்டில்தான். அதனால் கோழிக்குத் தீனி வைக்கும் வேலை எனக்கு வந்தது.

என் மனைவி சமையலறை வாசலில் ஒரு நசுங்கிய அலுமினியச் சட்டி வைத்திருந்தாள். அரிசி களைந்ததில் அடியில் தங்கும் நொய், கத்தரிக்காய்க் காம்பு, வெண்டைக்காய் முனை, முருங்கைக்கீரை உருவியபின் விழும் பழுத்த இலைகள், கேழ்வரகுக் களிப் பானையின் அடியில் பிடித்த காந்தல் எல்லாம் அதில் விழும். நான் தவிடு போட்டுப் பிசைந்து கொல்லைக்குக் கொண்டுபோவேன். "பா… பா… பா…" என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். எங்கள் கோழிகள் நான்கு. ஆனால் முதலில் வருவது எங்களுடையது அல்லாத ஒரு சேவல்.

அது பக்கத்து வீட்டு அக்காவுடைய சேவல். கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவள். அவளுடைய ஒரே மகன் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து ஊருக்கு வந்து படுத்திருந்தான். நடப்பானா என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஏரிக்கரை அம்மனுக்கு அவள் ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். ஆடி மாதத்துக்குள் அவன் தன் காலால் கோயிலுக்கு நடந்து வந்தால், சேவலை அறுத்துப் பொங்கல் வைப்பதாக வேண்டுதல். குஞ்சாக இருக்கும்போதே அதன் காலில் மஞ்சள் நூல் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. அதற்கு ஏதாவது ஆனால் அம்மன் கொடுத்த காலைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று அவள் நம்பினாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிடும்.

நேர்ந்துவிட்ட சேவலுக்குத் தீனி போடுவது புண்ணியம். எனவே தெருவே போட்டது. ஒரு வீட்டில் இட்லி, அடுத்த வீட்டில் பொட்டுக்கடலை, அதற்கடுத்த வீட்டில் உடைத்த மக்காச்சோளம். ஒவ்வொரு வீடும் தான் மட்டுமே போடுவதாக நினைத்துக்கொண்டது.

"இன்னாக்கா, உன் சேவலு எங்க வூட்ல நாலு இட்லி துன்னுட்டு மூக்க தொடச்சிக்கினு போவுது" என்பாள் எதிர்வீட்டுப் பெண்.

"என் சேவலாடி அது? ஆத்தா சேவலு. அவளுக்கு இன்னா புடிக்குதோ துன்னுவா. உன் இட்லி கல்லு மாரி இருந்தும் துன்னுதே, அத சொல்லு" என்பாள் அக்கா.

சேவல் பெருத்தது. நடக்கும்போது பண்டிகைக்கு வந்த மாமனார்போல் ஒரு காலைத் தூக்கி, யோசித்து, பிறகுதான் வைக்கும். மகனும் எழுந்து உட்கார்ந்தான். சுவரைப் பிடித்து நின்றான். ஆனி முடிவில் கழி ஊன்றி வாசல்வரை வந்தான். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நடப்பதாகத் தெருவில் எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும் அந்தப் பிற்பகல்களில் அப்படித் தோன்றியிருக்கிறது.

கோயிலுக்குக் குறித்த நாளுக்கு எட்டு நாள் முன்பு சேவல் தீனி எடுக்கவில்லை. கழுத்தடியில் தீனிப்பை ஒரு தேங்காய் அளவுக்கு வீங்கி, தொட்டால் கல்லாக இருந்தது. அலகைத் திறந்தால் புளித்த மாவு வாடை. மறுநாளும் கரையவில்லை.

அக்கா அழவில்லை. என்னிடம் புது பிளேடு ஒன்று கேட்டு வாங்கினாள். சேவலை மடியில் மல்லாத்தி, என் மனைவியை இறக்கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வீக்கத்தின் மேல் இறகுகளைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீர் ஊற்றித் துடைத்து, ஒரு விரல் நீளத்துக்குத் தோலைக் கீறினாள். உள்ளே இன்னொரு தோல், அதையும் கீறினாள். சேவல் ஒரு முறை கால்களை உதைத்தது. பிறகு கீழிமை மேலே ஏறி மூடிக்கொண்டது.

பையிலிருந்து எடுத்ததை ஒரு வாழை இலையில் வைத்தாள். தெரு முழுவதும் அந்த இலையில் வந்து கிடந்தது. மக்காச்சோளம், ஊறிப்போன கடலை, தோசைத் துண்டு, தேங்காய்ச் சில், மீன் முள் ஒன்று, எங்கள் வீட்டு வெண்டைக்காய் முனைகள். கடைசியில், இதையெல்லாம் இறுகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நார்ச் சுருள். அவள் அதை இழுக்க இழுக்க வந்தது.

"எந்தப் பாவி போட்டாளோ இத. நாரா இன்னா இது?" என்றாள்.

நார் இல்லை, சணல். அதில் ஒரு இழையில் சிவப்புச் சாயம் இருந்தது. எங்கள் பத்திரிகை அலுவலகம் கட்டுகளுக்குப் பயன்படுத்திய சணல் அது. விடியலில் நான் அறுத்துப் போட்டது. பிரதிகள் எண்ணும் அவசரத்தில் தீனிச் சட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையில் பிளேடு இருந்தது என்று பிற்பாடு வேடிக்கையாக யோசித்துப் பார்த்தேன். காரணம் அதுவல்ல. அவள் மகனின் காலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

உள்தோலைத் தனியாகவும் வெளித்தோலைத் தனியாகவும் வெள்ளை நூலால் தைத்து, மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசினாள். ஒரு நாள் பட்டினி. பிறகு கஞ்சித் தண்ணீர், சொட்டுச் சொட்டாக. தெருவுக்கு உத்தரவு போட்டாள்: "எவளாச்சும் ஒரு பருக்க போட்டீங்க, வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்." ஐந்தாம் நாள் சேவல் கூவியது. கொஞ்சம் கரகரப்பாக.

குறித்த நாளான வெள்ளிக்கிழமை மகன் கழியை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தான். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஏரியில் கொஞ்சம்தான் தண்ணீர். நாங்கள் எல்லோரும் அவனுடைய வேகத்தில், தூக்கத்தில் நடப்பவர்கள்போல் நடந்தோம். சேவல் அக்காவின் இடுப்பில் இருந்தது.

அறுப்பதற்கு முன் சேவலின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். சிலுப்பாவிட்டால் அறுக்க மாட்டார்கள். பூசாரி ஊற்றினார். சேவல் நின்றது. மறுபடி ஊற்றினார். தலையைச் சாய்த்து, அடுத்தது என்ன தீனி என்பதுபோல் அவர் கையைப் பார்த்தது. மூன்றாவது முறையும் சிலுப்பவில்லை. அக்கா தன் மகனைப் பார்க்கவில்லை. அவன் காலைப் பார்த்தாள்.

"யாரு மனசுலயோ குறை இருக்குது. இப்பவே சொல்லிடுங்க" என்றார் பூசாரி.

முதலில் எதிர்வீட்டுப் பெண், "ரெண்டு வாரம் முந்தி, வெள்ளிக்கெயம கருவாட்டுத் தல போட்டேங்க. கெயம நெனப்பில்ல" என்றாள்.

"நான் காது கொடையறதுக்கு ஒரு எறகு புடுங்கினேன்" என்றாள் இன்னொருத்தி.

"ஒண்ணுதானா?"

"ரெண்டு."

என் மனைவி, முட்டை ஓட்டை இடித்துத் தவிட்டில் கலந்து போட்டதைச் சொன்னாள். "அடிப் பாவி, அதும் புள்ளையயே அதுக்கு ஊட்டிட்டியா!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்து, அக்கா சிரிக்காததால் அடங்கியது.

நான் சொன்னேன். சணல், சிவப்பு இழை, அது யாருடையது, எப்படி விழுந்தது என்று. செய்தி எழுதுவதுபோல் வரிசையாகத்தான் சொல்ல வந்தது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார்?"

"சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லியிருந்தா நல்லா திட்டியிருப்பேன்."

"தெரியும்."

"அப்ப இப்ப திட்டட்டுமா?"

"திட்டுங்க."

அவள் பூசாரியிடம் திரும்பி, "ஊத்துங்க" என்றாள்.

முதல் மூன்று முறை அவர் தலையில் ஊற்றினார். இந்த முறை பின்கழுத்தில், இறகுக்குள் இறங்கும்படி ஊற்றினார். நான் பார்த்தது இது. சேவல் அரை நிமிடம் அப்படியே நின்றது. பிறகு கழுத்திலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. தண்ணீர் பூசாரியின் முகத்திலும் என் சட்டையிலும் தெறித்தது. பெண்கள் குலவை இட்டார்கள்.

குழம்பு கொதிக்க நேரமானது. புங்கமரத்தின் நிழல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு, மரத்தில் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனாள். ஆறு மாதத்தில் அவள் பகலில் கண் மூடி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு எறும்பு மணிக்கட்டில் ஏறி இறங்கியது. உப்பு போட்டாயிற்றா என்று யாருக்கும் தெரியவில்லை. எழுப்பலாமா என்று என் மனைவி கேட்டாள்.

"வாணாங்க" என்றான் மகன். கழியைப் பிடித்து எழுந்து, இரண்டடி வைத்து, கரண்டியால் கொஞ்சம் குழம்பெடுத்து ஊதி நாக்கில் விட்டுப் பார்த்தான்.

"கம்மியாத்தான் இருக்குது" என்று மெதுவாகச் சொல்லி, உப்பு டப்பாவைத் தேடினான்.